பங்குனியில் இறக்காமல் விட்ட வேகம்

மாப்ளே,

சூடேறிய தூசிக்கு ஒரு வாசம் உண்டு, உனக்குத் தெரியும். ஆடி வேலையெல்லாம் முடிந்து கை ஓய்ந்திருப்பதால், இன்று காலை கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி தட்டலாம் என்று உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அந்த வாசம் வந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் நீ தரையில் சம்மணம் போட்டு, திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றிலும் அடித்த வாசம். ஒரு நொடி நீதான் வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். என் பெண்டாட்டி செல்விதான் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

“யாரத் தேடுறீக?”

“ஒரு நாசமாப் போனவன.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதமில்லை இது. உன்னை வைவதற்காக எழுதுகிறேன். எனக்கு எழுத்து என்றால் தினக் காலண்டர் தாளில் நல்ல நேரம், எமகண்டம் அடுக்குகிற எழுத்துதான். பிளஸ் டூ கணக்கு இரண்டு தடவை காலை வாரியது. அத்தோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். ஆகவே இலக்கணம் பார்க்காதே. கோபத்தைப் பார். இந்த ஆடியில் என் பிழைப்பே போயிருக்கும், உன்னால். நீ உயிரோடு இருந்திருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய் அல்லவா, அதுதான் பெரிய கோபம்.

வெளியூர்க்காரர்கள் உன்னைப் பற்றிக் கேட்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. பட்டாசுக் கம்பெனிப் போர்மேன் செத்துப்போனான் என்றால் எல்லோரும் குரலைத் தாழ்த்தி, “வெடியாண்ணே?” என்கிறார்கள். நான் என்ன சொல்வது? வெடி இல்லை ஐயா, வாய்வு. அவனே வைத்த பெயர்.

நான் ஆரம்பத்திலிருந்து வருகிறேன். அப்போதுதான் திட்டு ஒழுங்காக விழும்.

அந்தக் கம்ப்யூட்டரை நீ எனக்குப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? அச்சகத்துக்காக நான் கம்ப்யூட்டரில் செய்கிற காலண்டர் சாமிப்படம் ஒவ்வொன்றும் யானைக் குட்டி கனம். பழைய பெட்டியில் ஒரு லட்சுமியைத் திறந்தால் தாமரை வரும், பிறகு பாதம் வரும், முகம் வருவதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். உன்னிடம் புலம்பினேன். ஒரு ஞாயிறு நீ பையோடு வந்தாய். முதலில் பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டாய். கம்பெனி வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்குகிற அதே பழக்கம். பிறகு கம்ப்யூட்டருக்கு ஞாபகம் கொடுக்கிற நாலு ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகினாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, புரிகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

“ஏலே, இந்தக் குச்சி மேல 3200ன்னு போட்டிருக்கான் பாரு. கடையில செருகிக் குடுத்தபடியே விட்டா இது 2133லதான் ஓடும். நீயும் சொகமா வருசக்கணக்கா அப்பிடியே ஓட்டிக்கிட்டிருப்ப.”

“அப்ப 3200ன்னு போட்டிருக்கது பொய்யா?”

“பொய்யில்லலே. நாம உள்ள போயி, இந்த வேகத்துல ஓடுன்னு சொல்லணும். சொன்னாத்தான் ஓடும்.”

“எம் மக மாதிரின்னு சொல்லு.”

“ஒம் மக சொன்னாலும் ஓட மாட்டா.”

கம்ப்யூட்டர் கண் விழித்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்னால், டெலீட் பொத்தானை டொக்கு டொக்கென்று தட்டினால் திறக்கிற அந்த பயாஸ் என்ற அறைக்குள் அன்றுதான் முதல் முறை எட்டிப் பார்த்தேன். பஞ்சாங்கத்தைவிட மோசமாக எண்கள். நீயோ சொந்த வீட்டுக்குள் நடமாடுகிறவன் போல நடமாடினாய். 3200 என்று வைத்தாய். கம்ப்யூட்டர் எழுந்தது. நான் கும்பிட்டேன். நீ, “இரு, இது கம்பெனிக்காரன் பொறுப்பு ஏத்துக்கிட்ட வேகம். இதுக்கு மேல நம்ம பாடு” என்று சொல்லி இன்னொரு படி ஏற்றினாய்.

“ஓடுதுல்ல, பெறகென்னலே? விட்ருவோம்” என்றேன்.

“ஓடுதுல்ல, அதான் இன்னொரு படி பாப்போங்கேன்.”

இதுதான் நீ. ஒரு படி ஏற்றுவாய், ரேமைச் சோதிக்கிற புரோகிராமை ஓடவிடுவாய், திரையில் சிவப்பு வரி விழும், அதாவது ஞாபகம் எங்கோ தப்பாகிறது, மின்னழுத்தத்தில் ஒரு சிட்டிகை கூட்டுவாய், வேறு ஏதோ எண்ணைத் தளர்த்துவாய், மறுபடி சோதனை. “ரெண்டு குச்சின்னா சொன்ன பேச்சு கேக்கும்லே. நாலு குச்சி போட்டா, நாலு சம்பந்தி ஒரே பந்தியில ஒக்காந்த மாதிரி. ஒவ்வொருத்தனுக்கா எல போட்டுச் சமாதானம் பண்ணணும்” என்றாய். பொழுது சாய்வதற்குள் 3466இல் நிறுத்தி, சிவப்பு வரி ஒன்றுகூட இல்லாமல் ஓட வைத்தாய். ஆறு முகமும் பன்னிரண்டு கையும் மயிலும் கண்மூடித் திறப்பதற்குள் திரையில் வந்து நின்றன. முருகனே அதிர்ந்திருப்பார்.

ஆனால் நம்மூர் வெயில் பங்குனியில் ஆரம்பித்தால் சும்மாவா இருக்கும்? பனிக்காலத்தில் ஓடுகிற வேகம் வெயிலில் ஓடாது, ரேம் சூடானால் பிழை விடும் என்று கண்டுபிடித்தாய். அதற்கும் ஒரு வழி வைத்தாய். தீபாவளி முடிந்து, கம்பெனி அடைத்துச் சும்மா இருக்கும்போது, கார்த்திகையில் ஒரு ஞாயிறு வந்து வேகத்தை ஏற்றுவாய். பங்குனி பிறந்ததும் ஒரு ஞாயிறு வந்து இறக்குவாய். வருஷா வருஷம். உலகத்தில் வேறு எவனாவது கம்ப்யூட்டருக்கு இப்படிப் பட்டம் பார்த்து வெள்ளாமை செய்திருப்பானா தெரியாது. செல்வி வாசலிலேயே கேட்பாள்.

“என்னண்ணே, வெதைக்க வந்தீகளா, அறுக்க வந்தீகளா?”

“அறுக்கத்தான் தங்கச்சி. ஒம் புருசன் கழுத்த.”

நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். கடிகாரம் தப்பாக ஓடுகிறது, திருத்தலாம் என்று பயாஸுக்குள் போய், எதையோ அமுக்கி, எதையோ மாற்றி, கம்ப்யூட்டர் பீப் பீப் என்று பிள்ளை அழுகிற மாதிரி அழுதது. நீ தாயில்பட்டிக் கம்பெனியில் வேலை முடிந்து, கை காலில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடியோடு நேரே வந்து சரிசெய்தாய். போகும்போது, “ஒன் கை சும்மா இருக்காது. பூட்டுப் போட்டுட்டேன்” என்றாய். உள்ளே போவதற்கு ஒரு பாஸ்வேர்டு.

“பாஸ்வேர்டு என்னன்னு சொல்லுலே.”

“நான் இருக்கேன்ல? ஒனக்கு எதுக்கு?”

நான் இருக்கேன்ல. இதைச் சொன்ன வாயைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், ஓங்கி ஒன்று போடுவதற்கு.

உன் கம்பெனிக்கு நான் ஒரு தடவை வந்தேனே, புஸ்வாணப் பெட்டி லேபிள் மாதிரியைக் காட்ட. வாசலில் என் செல்போனைப் பிடுங்கினாய். செருப்பைக் கழற்றச் சொன்னாய். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாய். “ஏலே, நான்தாம்லே” என்றேன். “யாராருந்தா என்ன, பொறிக்கு ஆள் தெரியுமா?” என்றாய். அன்று வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது, மருந்து சூடானால் ஆபத்து. மருந்து அடைக்கிற அறை வாசலில் நின்று, “போதும், எந்திரிங்க” என்று கையைத் தட்டினாய். உள்ளே இருந்த ஓர் அக்கா எழுந்திருக்கவில்லை.

“போர்மேனய்யா, இன்னும் ரெண்டு தட்டுதான். முடிச்சுட்டு வாரோம்.”

“ரெண்டு தட்டுக்கு ஆசப்பட்டா பெறகு தட்டத் தூக்க ஆளிருக்காதுக்கா. வெளிய வாங்க.”

“இவுக வீட்டம்மா பாவம். வெயில் வந்தா அடுப்பையும் அமத்தச் சொல்லுவாக போல.”

எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நீயும் சிரித்தாய், ஆனால் கடைசி ஆள் வெளியே வருகிறவரை வாசலை விட்டு நகரவில்லை. ஆபீசிலிருந்து போன் வந்தது, லோடு நிற்கிறது, ஆர்டர் போய்விடும் என்று. “ஆர்டர் நாளைக்கும் வரும், ஆள் வராது” என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது. நம்ம பயல் என்று மார் நிமிர்ந்தது. அன்று வாசல் வேப்பமரத்தடியில் நின்று உன்னைப் பார்த்தபடி நான் நினைத்தேன், இவன் கையில் எத்தனை குடும்பத்தை வேண்டுமானாலும் நம்பிக் கொடுக்கலாம் என்று.

அந்த மனுஷனும் நீதான். ‘வாய்வு’ என்று சொன்ன முட்டாளும் நீதான். இந்த இரண்டு பேரையும் ஒரே சட்டைக்குள் எப்படி வைத்திருந்தாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஊரிலுள்ள அக்காமாருக்கெல்லாம் வெயில் பார்த்து, நேரம் பார்த்து, ஒரு கைப்பிடி கூடாமல் குறையாமல் அளந்த உனக்கு, உன் நெஞ்சு மட்டும் என்ன, ஓட ஓட ஏற்றிப் பார்க்கிற ரேம் குச்சியா? அதில்கூடச் சிவப்பு வரி விழுந்தால் ஒரு படி இறக்கினாயே, எருமை!

முதலில் தீபாவளி சீசனில் வலி வந்தது. சீசன் முடியட்டும் என்றாய். முடிந்தது. கார்த்திகையில் வேகம் ஏற்ற வந்தவன், குனிந்து நிமிர்ந்தபோது நெஞ்சைத் தடவிக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாய். முகமெல்லாம் வேர்வை. பனிக்காலத்தில். “வாய்வு மாப்ள, ஒரு சோடா வாங்கியா” என்றாய். நான் சோடா வாங்கப் போகவில்லை. மறுநாள் காலையில் உன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, வம்படியாக ஏற்றி, விருதுநகருக்குக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டு உட்கார வைத்தேன். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்றாய். நம்மை உள்ளே கூப்பிட்டார்கள், நீ இல்லை. தெருத் தெருவாகத் தேடினேன். கடைசியில் எங்கே இருந்தாய்? பொரித்த பரோட்டாக் கடையில்! எண்ணெய் சொட்டச் சொட்ட நொறுக்கிப் போட்டு, சால்னாவை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாய்.

“அறிவிருக்காலே ஒனக்கு? அங்கன பேரக் கூப்புடுறான்!”

“நெஞ்சு வலிக்காரன் இம்புட்டுச் சாப்பிடுவானா, நீயே சொல்லு.”

“எந்திரிலே.”

“கை கழுவிட்டு வாறேன். நீ ஒண்ணு சாப்புடு, சூடா இருக்கு.”

கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. பரோட்டா போடுகிறவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். நான் உன்னை அடிக்கவும் முடியாமல், தூக்கவும் முடியாமல், எதிரே உட்கார்ந்துவிட்டேன். நீ எனக்கு இலை போடச் சொன்னாய். கோபத்தில் சாப்பிட்டேன். கோபத்தில் சாப்பிட்டாலும் அந்தப் பரோட்டா நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்கு ஒரு கோபம். திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கிளம்பிவிட்டார். வருகிற வழியெல்லாம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, “பாத்தியா, ஏப்பம் வந்துருச்சு, வாய்வுதான்” என்று என் காதில் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தாய். அதற்குப் பிறகும் சொன்னேன். செல்வி சொன்னாள். உன் வீட்டுக்காரி அழுதாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் வைத்திருந்தாய்.

மாசியில் ஒரு காலை. கம்பெனி வேனில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து போனாயாம். தாயில்பட்டி வந்து வேன் நின்ற பிறகும் நீ இறங்கவில்லை. போர்மேன் அசந்து தூங்குகிறார், பாவம் தூங்கட்டும் என்று எல்லோரும் சத்தம் போடாமல் இறங்கிப் போனார்களாம். எனக்கு இதைச் சொன்னது அந்தத் தட்டு அக்காதான். “நான்தாண்ணே, எழுப்பாதீகன்னு சொன்னேன்” என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் வாய்வு என்று இன்னொரு தடவை சொல்ல உனக்கு நாக்கு வந்திருக்காது. காரியம் முடிந்த மறுநாள் நான் போய் என் நெஞ்சைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லையாம். கொழுப்புத்தான் இருக்கிறதாம். அதைச் செல்வி எப்போதோ சொல்லிவிட்டாள்.

பங்குனி வந்தது. உலகத்தில் எல்லா வேலையும் அதது பாட்டுக்கு நடந்தது. வேகத்தை இறக்க மட்டும் யாரும் வரவில்லை. எனக்கும் அது ஞாபகம் வரவில்லை. உன் ஞாபகம் வந்த அளவுக்கு உன் வேலை ஞாபகம் வரவில்லை. சித்திரையில் திரை நீலமாகி நின்றது. மறுபடி போட்டேன், ஓடியது. அப்புறம் தினம் ஒரு தடவை. தகட்டைக் கழற்றி வைத்து, எதிரே டேபிள் பேனைத் திருப்பிவிட்டேன். “அதுக்கு மட்டும் காத்து. மனுசங்க நாங்க அவிஞ்சு சாகணும்” என்று செல்வி முந்தானையால் விசிறிக்கொண்டாள். ஏதோ ஓட்டினேன். ஆனியில் அச்சக முதலாளியிடமிருந்து போன்.

“அண்ணாச்சி, முருகன் நெத்தியில பட்டையா ஒரு பச்சக் கோடு ஓடுதே, புது டிசைனா?”

“பச்சக் கோடா? இல்லையே.”

“விபூதி இருக்க வேண்டிய எடத்துல பச்ச. நல்லவேள, அச்சுக்கு இன்னும் பிளேட்டு போடல. பெருமாளுக்கு ஒரு காதக் காணோம். அண்ணாச்சி, ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பத்த வச்சு நான் சாமி கும்பிடணும். ஒங்களால முடியலன்னா இப்பவே சொல்லிருங்க. வேற எடத்துல குடுத்துக்கிறேன்.”

உனக்குத் தெரியாததா? அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளையெல்லாம் சேர்த்து, ஆடிப் பதினெட்டில்தான் இந்த ஊர் அச்சகங்கள் ஆல்பம் போடும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போவார்கள். அதில் என் படங்கள் இல்லையென்றால் எனக்கு அடுத்த வருஷமே இல்லை. மகள் கார்த்திகாவுக்குக் கல்லூரியில் இன்னும் மூன்றாம் வருஷம்தான். நான் இந்த வயதில் புதுத் தொழில் கற்றுக்கொள்ள முடியுமா? பழையதையே ஒழுங்காகக் கற்கவில்லை.

லீவுக்கு வந்திருந்த கார்த்திகா உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்குக் கணக்கு வரும், அம்மா வழி. “ரேம் தப்பா எழுதுதுப்பா. சேவ் பண்ணும்போதே படம் கெட்டுப் போகுது. வேகத்த எறக்கணும்” என்றாள். டெலீட் பொத்தானைத் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

உன் மகன் பெயர், வண்டி நம்பர், உன் குலசாமி, என் பட்டப்பெயர், எல்லாம் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் திறக்கவில்லை. கடைசியில் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். உரிப்பதை நிறுத்தினாள்.

“பாஸ்வேர்டா? அண்ணே, அவுக பெட்டிச் சாவிய எங்க வச்சாகன்னே இன்னும் எனக்குத் தெரியல. கேட்டா, நான் இருக்கேன்லம்பாக.”

“எங்கிட்டயும் அதேதாம்மா சொன்னான்.”

“ஒங்ககிட்டயுமா?”

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. கையிலிருந்த பூண்டை முறத்தில் போட்டாள். பிறகு சொன்னாள்:

“வாரவுக எல்லாம் நல்ல மனுசன், நல்ல மனுசன்னு சொல்லிட்டுப் போறாகண்ணே. நானும் தலைய ஆட்டிக்கிட்டே இருக்கேன். யாராச்சும் அவுகள ரெண்டு வார்த்த வஞ்சாத்தான் எனக்கு ஆறும் போல இருக்கு. செத்தவுகள வையக் கூடாதும்பாக.”

“யாரு சொன்னா?” என்றேன். ஆரம்பித்தேன். மடையன் என்றேன், கல்லுளிமங்கன் என்றேன், பரோட்டாவுக்குப் பிறந்த பயல் என்றேன். அவள் பயந்துபோய் வாசலைப் பார்த்தாள், யார் காதிலாவது விழுகிறதா என்று. பிறகு அவளும் மெல்ல ஆரம்பித்தாள். “பிடிவாதம்ணே, அம்புட்டும் பிடிவாதம். ஒரு மாத்திர வாங்கிக் குடுத்தா பல்லிக்குப் போட்டேம்பாக.” பல்லி என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்தாள், சிரிப்பு அழுகையாக மாறியது, மறுபடி சிரித்தாள். உன் போட்டோவுக்கு முன்னாலேயே உன்னைக் கிழித்துத் தொங்கவிட்டோம். இறங்கி வரும்போது என் நெஞ்சு லேசாக இருந்தது. பாஸ்வேர்டுதான் கிடைக்கவில்லை.

“ஒரு வழி இருக்குப்பா” என்றாள் கார்த்திகா. உள்ளே, மதர்போர்டு என்கிற தாய்ப் பலகையில், கைக்கடிகாரத்தில் போடுவது மாதிரி ஒரு வட்டப் பேட்டரி. “இதக் கழட்டி வச்சா எல்லாம் மறந்துரும். பாஸ்வேர்டும் போயிரும்.”

“அப்ப கழட்டு.”

“மாமா வச்ச செட்டிங்கும் போயிரும். எந்தெந்த எண்ண என்ன வச்சாருன்னு நமக்குத் தெரியாது. மறுபடி வராது.”

அவள் கை பேட்டரிக்கு மேலே நின்றது. நான் இரு என்றேன். தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். அந்த எண்கள் உன் கை வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் வீட்டில் உன் சட்டை இருக்கிறது, செருப்பு இருக்கிறது. என் வீட்டில் உன்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான், அதையும் நான் பார்க்கக்கூட முடியாதபடி பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். வைத்துக்கொண்டால் முருகனுக்கு நெற்றி கெடும். அழித்தால் நீ கெடுவாய். இப்படி ஓர் இக்கட்டில் என்னை நிறுத்திவிட்டு நீ சொகமாகப் படுத்துவிட்டாயே! “தள்ளு” என்று மகளை நகர்த்திவிட்டு, முதலில் பெட்டி இரும்பைத் தொட்டு, நகத்தால் நானே நெம்பி எடுத்தேன். கடுகு விழுகிற சத்தம்கூட வரவில்லை. அவ்வளவுதான். நீ அத்தனை வருஷம் பார்த்த வெள்ளாமை.

திரும்பப் போட்டதும் பச்சைப் பிள்ளை மாதிரி எழுந்தது. தேதி தெரியவில்லை, மணி தெரியவில்லை. ரேம் 2133. கார்த்திகா குச்சியில் அச்சிட்ட 3200ஐ வைத்தாள். கம்ப்யூட்டர் எழ முயன்றது, விழுந்தது, மறுபடி முயன்றது, எழுந்தது. மத்தியான வெயிலில், டேபிள் பேன் இல்லாமல், சோதனையை ஓடவிட்டோம். சிவப்பு வரி. கம்பெனிக்காரன் பொறுப்பேற்ற வேகமே நம் வீட்டு வெயிலிலும் நாலு குச்சியிலும் நிற்கவில்லை! அப்படியானால் நீ அதற்கு மேலே போய், பிழையில்லாமல், வருஷக்கணக்கில் எப்படி ஓட்டினாய்? கார்த்திகா இணையத்தில் தேடினாள், மின்னழுத்தத்தைத் தொட்டாள், விட்டாள். “மாமா என்னமோ பண்ணிருக்காருப்பா. எனக்குப் பிடிபடல” என்றாள். எனக்கு உன் மேல் பெருமை வந்தது. உடனே இன்னும் கோபம் வந்தது. இத்தனை பொறுமையாக ஒவ்வொரு படியிலும் நின்று, கேட்டு, தட்டிக்கொடுத்து வேலை வாங்கத் தெரிந்தவன், சாக வேண்டிய வயதா உனக்கு?

2933 வைத்தோம். காலையிலிருந்து வெயில் தாழ்கிறவரை சோதனை ஓடியது. நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்த மாதிரி. ஒரு வரிகூடச் சிவக்கவில்லை. “இதுல நிறுத்திக்கலாமாப்பா? இன்னும் கொஞ்சம் போராடுனா ஏத்தலாம்” என்றாள். “ஓடுதுல்ல, விட்ரு” என்றேன். இந்தத் தடவை எதிர்த்துப் பேச ஆளில்லை.

சித்திரையிலிருந்து சேவ் செய்த படம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, நெற்றி, காது, விரல், மயில் கண் என்று பார்த்துத் திருத்தினோம். கார்த்திகா ஒரு பக்கம், செல்வி ஒரு பக்கம். “இந்தச் சரஸ்வதிக்கு வீணையில கம்பி கொறையுது” என்று செல்விதான் கண்டுபிடித்தாள். ஆடிப் பதினெட்டு காலையில் அச்சகத்தில் ஆல்பத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி கும்பிட்டார்கள். என் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. முதலாளி பக்கங்களைப் புரட்டி, “கலர் பளிச்சுனு இருக்கு அண்ணாச்சி” என்றார். பிழைத்துவிட்டேன் மாப்ளே. உன் உதவியில்லாமல், இல்லை, உன் தொல்லையைத் தாண்டி.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். முன்பெல்லாம் முருகனைச் சொடுக்கினால் சொடுக்கிய விரல் எழுவதற்குள் வந்து நிற்பார் அல்லவா? இப்போது அப்படி இல்லை. சொடுக்கிய பிறகு ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். மயில் வரும், வேல் வரும், முகம் வரக் கொஞ்சம் பிந்தும். நீ இருந்தபோது இந்த இடைவெளி இருந்ததில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ படம் திறக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மவுஸில் கையை வைத்துக்கொண்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல், அந்த ஒரு மூச்சு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் உன்னை ஒரு வார்த்தை வைதுவிடுகிறேன். படம் வந்துவிடுகிறது. வேலையைப் பார்க்கிறேன்.

கார்த்திகை லீவுக்கு வரும்போது எப்படியாவது கண்டுபிடித்து வேகத்தை ஏற்றித் தருகிறேன் என்று கார்த்திகா போனில் சொன்னாள். வேண்டாம் தாயி, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.